பிஎஸ்என்எல் கட்டணம் மாறும்போது: லேண்ட்லைன், பைபர், சிம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிமுறை

கட்டணம் மாறுகிறது என்று மெசேஜ் வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது மாத வாடகையைத்தான். 20 ரூபாய் கூடியிருக்கிறதா, 50 ரூபாய் கூடியிருக்கிறதா என்பதோடு கணக்கை முடித்துவிடுகிறோம். பணம் போவதோ வேறு இடத்தில். இலவச நேரம் சுருங்கும், வேலிடிட்டி நாள் குறையும், வேகம் இறங்கும் ஜிபி வரம்பு மாறும், சலுகை மாதம் முடிந்து தானாகவே அடுத்த பிளானுக்குப் போய்விடும். இந்த நான்கும் வாடகை வரியில் தெரியாது.

பழைய உதாரணம் ஒன்று போதும். 2015 மே 1 முதல் லேண்ட்லைனில் இரவு 9 மணியிலிருந்து காலை 7 வரை பேசுவது இலவசம் என்று பிஎஸ்என்எல் அறிவித்தது. 2016 ஆகஸ்ட் 15 முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இலவசம் ஆனது. 2018 தொடக்கத்தில் இரவு நேரம் 10.30 முதல் காலை 6 வரை என்று சுருங்கியது, ஞாயிறு இலவசம் நின்றது. இலவச நேரத்தை நம்பி 9 மணிக்கே போன் எடுத்துப் பழகியவருக்கு அந்த ஒன்றரை மணி நேரம் முழுவதும் பல்ஸ் (கட்டணம் எண்ணும் நேரத் துண்டு) கணக்கில் ஏறியது. அதனால் அறிவிப்பு எது வந்தாலும் வாடகையைக் கடைசியில் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்த வரம்பு, அந்த வரம்பைத் தாண்டினால் என்ன விலை என்ற மூன்றையும் முதலில் பாருங்கள்.

மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை

கடைசி மூன்று மாத பில், வாடிக்கையாளர் கணக்கு எண், எஸ்டிடி குறியீட்டுடன் போன் எண், பிளானின் சரியான பெயர், அந்தப் பிளானில் சேர்ந்த தேதி. பெயர் சரியாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரே வாடகையில் இரண்டு மூன்று பிளான்கள் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறி இருக்கும். கிராம எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு வாடகையும் நகரத்துக்கு வேறு வாடகையும் வைத்த பிளான்களும் உண்டு. கோவை 0422, ஈரோடு 0424, திருப்பூர் 0421 எண்காரர் சொல்லும் வாடகையைக் கேட்டுக்கொண்டு காங்கேயம் 04257, கோபி 04285 எண்காரர் தன் பில்லோடு ஒப்பிட்டால் கணக்கு சேராது. இணையதளத்தில் பார்க்கும்போது வட்டாரம் ‘தமிழ்நாடு’ என்று தேர்ந்தெடுங்கள். சென்னை டெலிபோன்ஸ் தனிப் பிரிவு. சென்னையில் இருக்கும் மகன் அங்கிருந்து படித்துச் சொல்லும் விலை பொள்ளாச்சி வீட்டுக்குப் பொருந்தியே ஆக வேண்டும் என்பதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் பில் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) இருக்கும் பழைய லைன்கள் பல இன்னும் அப்பாரு (தாத்தா) பேரிலேயே ஓடுகின்றன. பில் கட்டுகிறவரைக்கும் யாரும் கேட்பதில்லை. பிளான் மாற்ற, டெபாசிட் திரும்ப வாங்க, புகாரை மேலே கொண்டுபோக என்று வரும்போது கையெழுத்து சந்தாதாரருடையதாக இருக்க வேண்டும். அவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், புதியவரின் ஆதார் நகல் ஆகியவற்றோடு பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். கட்டணம் மாறும் வாரத்தில் போய் நின்றால் இரண்டு வேலையும் சேர்ந்து இழுக்கும்.

உங்கள் பக்கம் இருக்கும் விதிகள்

தொலைபேசிக் கட்டணங்களுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 1999-ல் ஒரு ஆணை பிறப்பித்தது. அதில் பிறகு செய்த திருத்தங்களையும் சேர்த்து, சாதாரண சந்தாதாரருக்கு வேண்டியது மூன்று.

ஒரு பிளானில் சேர்ந்த நாளிலிருந்து 6 மாதம் வரை அந்தப் பிளானின் எந்தக் கட்டணத்தையும் உங்களுக்கு உயர்த்தக் கூடாது. குறைக்கலாம். சேர்ந்த தேதியைக் குறித்து வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். மார்ச் 10-ல் சேர்ந்தவருக்கு ஜூலை 1 முதல் உயர்வு என்று பில் வந்தால், செப்டம்பர் 9 வரை பழைய கட்டணத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

அந்த 6 மாதம் உங்களைக் கட்டிப்போடுவதற்கு அல்ல. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வேறு பிளானுக்குப் போகலாம். கோரிக்கையை உடனே அல்லது அடுத்த பில் சுழற்சியின் தொடக்கத்திலிருந்து நிறைவேற்ற வேண்டும்.

குறிப்பிட்ட காலத்துக்கு என்று சொல்லி முன்பணம் வாங்கிய பிளான், அந்தக் காலம் முடியும் வரை அப்படியே ஓட வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் ரசீதைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டிய காரணம் இது. உயர்வு வரும் என்று தெரிந்தால், ஆண்டுச் சந்தாவை அமல் தேதிக்கு முன்பே கட்டிவிடுவது பெரும்பாலும் லாபம். ஆனால் அந்த ஊரில் பைபர் அடிக்கடி அறுந்துபோகிறது என்றால் ஒரு வருடப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பாதியில் விலகினால் மீதி எப்படித் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்காமல் கட்டவும் வேண்டாம்.

லேண்ட்லைன்: குறைந்த வாடகையா, அன்லிமிடெட்டா

கணக்கு ஒன்றே ஒன்றுதான். இரண்டு பிளான்களின் வாடகை வித்தியாசத்தை ஒரு பல்ஸின் விலையால் வகுங்கள். வாடகை 129 ரூபாய், பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று ஒரு பிளான். வாடகை 249, எல்லா அழைப்பும் இலவசம் என்று இன்னொன்று. பல்ஸ் 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 120. மாதம் 120 பல்ஸுக்கு மேல் பேசுகிறவருக்கு அன்லிமிடெட் லாபம். ஒரு நாளைக்கு 4 பல்ஸ்தான் அது. இலவச அழைப்பு ஏதாவது சேர்ந்திருந்தால் அந்த எண்ணிக்கையை 120-உடன் கூட்டிக்கொள்ளுங்கள்.

பல்ஸ் என்பது அழைப்பு அல்ல, நேரத் துண்டு. பல்ஸ் 60 நொடி என்று இருந்தால் 61 நொடி பேசியது 2 பல்ஸ். 3 நிமிடம் 5 நொடி பேசியது 4 பல்ஸ். அந்தக் காலத்து லோக்கல் கால் 3 நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்று பழகியவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். கட்டண மாற்றத்தில் விலை அப்படியே இருந்து பல்ஸ் நீளம் 180 நொடியிலிருந்து 60 ஆனால் நீண்ட பேச்சுக்கு மும்மடங்கு செலவு. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விலை கேட்டு அரை நிமிடத்தில் போனை வைக்கிற கடைக்கு இது பெரிய பாதிப்பு இல்லை. மகளோடு தினமும் கால் மணி நேரம் பேசுகிற வீட்டுக்கு இது பெரிய அடி.

அன்லிமிடெட் என்று எழுதியிருந்தாலும் அதற்குள் வராத எண்கள் உண்டு. வெளிநாட்டு அழைப்பு வராது. 1860-ல் தொடங்கும் எண்களும் வராது. வங்கி, காப்பீட்டுக் கம்பெனிகளின் உதவி எண்கள் பல இப்படித் தொடங்கும். 1800-ல் தொடங்குவது இலவசம். அந்த வங்கிக்கே 1800 எண்ணும் இருக்கும், அட்டையின் பின்புறத்தில் பாருங்கள். லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அடிக்கும்போது 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 சேர்க்க வேண்டும். சேர்க்காமல் அடித்துவிட்டு ‘பிளான் மாறினதும் மொபைலுக்குப் போவதில்லை’ என்று புகார் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அழைப்புக் கட்டணம் ஏன் இவ்வளவு சரிந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 2006 மார்ச்சில் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு 1 ரூபாய் என்று பிஎஸ்என்எல் கொண்டுவந்தபோது தூரக் கணக்கு உடையத் தொடங்கியது. ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மொபைல் அழைப்புக்குக் கம்பெனிகள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் தொகை 2017 அக்டோபரில் 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகி, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யமானது. பேச்சுக்குச் செலவு இல்லை என்றானதும் கம்பெனிகள் வருமானத்தை வாடகையிலும் வேலிடிட்டியிலும் டேட்டாவிலும் தேடுகின்றன. மாற்றம் வரும் இடமும் அவைதான்.

பைபர்: ஜிபி வரம்பும் சலுகை மாதமும்

பைபர் பிளானில் எழுதியிருக்கும் விலை வரி சேராத விலை. 18 சதவீத ஜிஎஸ்டி மேலே வரும். 449 என்றால் கையிலிருந்து போவது 529.82, 599 என்றால் 706.82. ரீசார்ஜ் விலையிலோ வரி உள்ளேயே இருக்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு ‘சிம்மை விட பைபர் மலிவு’ என்று முடிவெடுக்கும் முன் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது வரம்பு. 30 எம்பிபிஎஸ் 1000 ஜிபி வரை, பிறகு 4 எம்பிபிஎஸ் என்று எழுதியிருந்தால், வரம்பு தாண்டியதும் கூடுதல் பணம் ஏறாது, வேகம் மட்டும் இறங்கும். வீட்டில் படம் பார்ப்பதற்கு 1000 ஜிபி தாராளம். ஹெச்டி தரத்தில் மணிக்கு சுமார் 1 முதல் 3 ஜிபிதான் போகும். வரம்பைத் தின்பது கேமரா. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனில் கேமரா வைத்து, பதிவை அப்படியே கிளவுடுக்கு அனுப்பினால், 2 எம்பிபிஎஸ் ஓடும் ஒரு கேமராவே மணிக்கு 0.9 ஜிபி, நாளுக்கு 21.6 ஜிபி, மாதத்துக்கு 648 ஜிபி எடுக்கும். இரண்டு கேமரா போட்டால் மாதக் கடைசியில் வேகம் படுத்துவிடும். இதற்குப் பெரிய பிளான் வாங்குவதைவிடப் பதிவை அங்கேயே டிவிஆர் பெட்டியில் வைத்துக்கொண்டு, பார்க்கும்போது மட்டும் இணையத்தில் எடுப்பது மலிவு.

சலுகை மாதங்களைக் கவனியுங்கள். முதல் 6 மாதம் ஒரு விலை, ஏழாவது மாதம் தானாக அடுத்த பிளான் என்று எழுதப்பட்ட இணைப்பில், அந்த ஏழாவது பில் வருவதைக் ‘கட்டண உயர்வு’ என்று புகார் செய்தால் எடுபடாது. ஒப்புக்கொண்ட நிபந்தனை அது. ஐந்தாவது மாத முடிவில் காலண்டரில் குறித்து வைத்து, குறைந்த பிளானுக்கு மாற்றக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் கொங்குப் பகுதிக் கிராமங்களில் பைபர் இணைப்பு பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டாளிகள் மூலம் வருகிறது. கேபிள் டிவி இழுக்கிறவரே இதையும் பார்ப்பார். பழுது பார்க்க வருபவர் அவர்தான், மரியாதையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பில் பணத்தை அவர் கையில் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். பணம் உங்கள் கணக்கு எண்ணில் ஏற வேண்டும். பிளான் மாற்றத்தை அவரிடம் வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடவும் கூடாது. அவர் மறந்துபோனால் அமல் தேதி தாண்டிவிடும்.

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனை விட்டு பைபருக்கு மாறச் சொல்லி அழைப்பு வந்தால், இரண்டு விஷயம். ஒன்று, பழைய எண்ணையே பைபருக்குக் கொண்டுபோகும்படி விண்ணப்பத்தில் எழுதுங்கள். இந்தியாவில் மொபைல் எண்ணைப்போல லேண்ட்லைன் எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது, ஆகவே விட்டால் போனது போனதுதான். இரண்டு, கரண்ட். செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருகிறது, வீட்டில் கரண்ட் போனாலும் போன் ஒலிக்கும். பைபரில், கம்பி வந்து சேரும் ஓஎன்டி பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். தோட்டத்து வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால் ஒரு சிறிய யூபிஎஸ் கட்டாயம். வாங்கும் முன் ஓஎன்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட். யூபிஎஸ்ஸின் வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது. போன் ஒயரை ஓஎன்டியில் இருக்கும் போன் துளையில்தான் செருக வேண்டும். கடையில் வாங்கிய ரூட்டரை மட்டும் வைத்துவிட்டு ஓஎன்டியைக் கழற்றினால் பேச்சும் நிற்கும், இணையமும் நிற்கும்.

பிளானை உயர்த்தியும் வேகம் கூடவில்லை என்றால், முதலில் ஓஎன்டியை அணைத்து 10 நிமிடம் கழித்துப் போடுங்கள். பழைய இணைப்பு அறுந்து புதிதாகச் சேரும்போதுதான் புதிய வேகம் ஏறும். பிறகு வைபையில் அல்லாமல் லேன் கேபிளைச் செருகிச் சோதியுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேலான பிளான் என்றால் கேபிளின் 8 கம்பிகளும் வேலை செய்ய வேண்டும், 4 மட்டும் இணைத்த கேபிளில் 100-ஐத் தாண்டாது. இதன் பிறகும் குறைவாக இருந்தால் லைன்மேனிடம் பவர் மீட்டர் வைத்து, பைபரில் வரும் ஒளியின் அளவை டிபிஎம் கணக்கில் கேளுங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் எங்கோ இணைப்பு சரியில்லை, பைபர் மடங்கியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பெரிய பிளான் வாங்கிப் பயனில்லை.

சிம்: விலை நிற்கும், நாள் ஓடும்

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் விலையை ஏற்றியபோது பலர் பிஎஸ்என்எல் சிம்முக்கு வந்தார்கள். இங்கே மாற்றம் பெரும்பாலும் வேறு உருவில் வருகிறது. 107 ரூபாய் வவுச்சருக்கு 35 நாள் கிடைத்துவந்தது, பிறகு 28 ஆனது. விலை அசையவில்லை. ஆனால் ஒரு நாளின் விலை 3.06 ரூபாயிலிருந்து 3.82 ஆகிவிட்டது, கிட்டத்தட்ட 25 சதவீதம். எந்த வவுச்சரையும் விலையை நாளால் வகுத்து, அந்த ஒரு எண்ணை மட்டும் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாற்றத்தின்போது அதை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

28 நாள் வவுச்சர் போடுகிறவர் வருடத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை போடுகிறார். மாதம் பிறந்தால் ஒரே தேதியில் போட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்காக, 30 நாள் வவுச்சரும் ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் வவுச்சரும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022-ல் ஆணையிட்டது. டேட்டா வேண்டாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் போதும் என்கிற பட்டன் போன்காரர்களுக்குத் தனி வவுச்சர் இருக்க வேண்டும் என்பது 2024 டிசம்பரில் வந்த விதி. சிறப்பு வவுச்சரின் உச்ச வேலிடிட்டி 90 நாளிலிருந்து 365 நாளானதும் அதே திருத்தத்தில்தான். கடைக்காரர் இவற்றைத் தானாகச் சொல்ல மாட்டார். கேட்க வேண்டும்: ‘ஏனுங்க, டேட்டா இல்லாம பேசறதுக்கு மட்டும் எத்தனை ரூபாய்க்கு இருக்குதுங்க? எத்தனை நாளைக்குங்க?’

விலை ஏறும் முன் இரண்டு மூன்று வவுச்சரை முன்கூட்டிப் போட்டுவைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வவுச்சருக்கு வவுச்சர் இது மாறும். சிலவற்றில் நாள் பின்னால் சேரும், சிலவற்றில் புதியது அன்றே தொடங்கி ஓடிக்கொண்டிருந்ததை விழுங்கிவிடும். மொபைல் உதவி எண் 1503-க்கு அடித்து அந்த வவுச்சரின் எண்ணைச் சொல்லிக் கேட்டபிறகே போடுங்கள்.

வங்கி ஓடிபிக்காக மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது சிம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழைப்பு, எஸ்எம்எஸ், டேட்டா என்று எந்தப் பயன்பாடும் இல்லாமல் 90 நாள் கிடந்தால்தான் எண்ணை முடக்கலாம். ப்ரீபெய்டில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்து எண்ணை நீட்டித்துத் தர வேண்டும். இருப்பைப் பூஜ்யமாக விடாதீர்கள்.

காரணம் தெரியாமல் இருப்பு குறைந்தால் 155223-க்கு அடித்து, கேளாமல் ஏறிய சேவை எதாவது இருந்தால் நிறுத்துங்கள். டேட்டாவையே வெட்ட வேண்டும் என்றால் 1925. ப்ரீபெய்டிலும் கடந்த 6 மாதத்துக்குள் எந்தக் காலத்துக்கும் விவரக் கணக்கு கேட்டுப் பெறலாம், கட்டணம் 50 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இது தெரியாமல் ‘ப்ரீபெய்டுக்கு பில் கிடையாது’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நிறைய.

பிளான் மாற்றும் முறை

1. பில் தேதிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு கோரிக்கை கொடுங்கள். வாடிக்கையாளர் சேவை மையத்தில் எழுத்தில் கொடுப்பது உறுதியானது. செல்ப்கேர் செயலியிலோ 1500 எண்ணிலோ செய்தால் கோரிக்கை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

2. கடிதம் நீளமாக வேண்டாம். ‘என் எண் இது, கணக்கு எண் இது. இப்போதைய பிளான் இன்னது. வரும் பில் சுழற்சி முதல் இன்ன பிளானுக்கு மாற்றித் தரவும். என் டெபாசிட்டும் தள்ளுபடியும் தொடர வேண்டும். எண்ணை மாற்ற வேண்டாம்.’ கையெழுத்து, தேதி. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்குங்கள்.

3. அரசு ஊழியர், ஓய்வூதியர் தள்ளுபடி பெறுகிறவர்கள் அதைக் கடிதத்தில் தனியாக எழுதுங்கள். பிளான் மாறும்போது முதலில் உதிர்வது இதுதான்.

4. கவுன்டரில் மூன்று கேள்வி: ‘சார், எந்தத் தேதியிலிருந்து மாறுமுங்க? வரியோட எவ்வளவு வருமுங்க? லிமிட் தாண்டுனா என்ன ஆகுமுங்க?’ பதிலைக் கடிதத்தின் பின்புறத்தில் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனி, ஈரோடு ஜவுளிக் கடை என்று ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். தொழிலுக்கான போன், இணையக் கட்டணத்தின் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். எண் ஏறாத பில்லில் அது போய்விடும். ஏழெட்டு லைன் வைத்திருப்பவர்களுக்கு வாடகை உயர்வைவிட இந்த இழப்பு பெரிது.

முதல் பில்லைச் சரிபார்த்தல்

சுழற்சியின் நடுவே பிளான் மாறினால் பில்லில் இரண்டு வாடகை வரிகள் வரும். இரண்டு வாடகையும் போட்டுவிட்டார்கள் என்று பதற வேண்டாம், நாள் கணக்கில் பிரித்திருக்கிறதா பாருங்கள். 30 நாள் மாதத்தில் 11-ம் தேதி 449-லிருந்து 599-க்கு மாறியதாக வைத்துக்கொண்டால்: 10 நாளுக்கு 149.67, 20 நாளுக்கு 399.33, சேர்த்து 549.00. வரி 98.82. மொத்தம் 647.82. ஓரிரு பைசா வித்தியாசம் விட்டுவிடலாம். இரண்டு வாடகையும் முழுசாக, 1048 என்று வந்திருந்தால் தவறு.

பயன்பாட்டு வரியில் தொகை இருந்தால் விவரப் பட்டியல் கேளுங்கள். அன்லிமிடெட்டில் அங்கே பெரும்பாலும் 1860 எண்கள்தான் இருக்கும். நீங்கள் அடிக்காத எண்கள் செம்புக் கம்பி லைனில் தென்பட்டால், கம்பத்துப் பெட்டியில் யாரோ கை வைத்திருக்கலாம். உடனே எழுத்தில் புகார் கொடுத்து, எஸ்டிடி, ஐஎஸ்டியைப் பூட்டச் சொல்லுங்கள்.

3 நாளுக்கு மேல் லைன் பழுதாகக் கிடந்தால் வாடகைத் தள்ளுபடி உண்டு. புகார் பதிவாகியிருந்தால்தான் கிடைக்கும், லைன்மேனுக்கு போன் பண்ணிச் சொன்னது கணக்கில் வராது.

தவறாக வந்துவிட்டால்

லேண்ட்லைன், பைபருக்கு 1500 அல்லது 1800-345-1500. மொபைலுக்கு 1503 அல்லது 1800-180-1503. டாக்கெட் எண் (புகார் எண்) இல்லாமல் போனை வைக்காதீர்கள். அந்த எண் இல்லாவிட்டால் அடுத்த படிக்கு வழியில்லை. பில் குறைகள் 4 முதல் 6 வாரத்துக்குள் தீர வேண்டும். தீரவில்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதற்கிடையில் பில் முழுவதையும் நிறுத்தினால் முதலில் வெளியழைப்பு, பிறகு உள்ளழைப்பு, கடைசியில் லைனே போய்விடும். தகராறுள்ள தொகையை ஒதுக்கி, வழக்கமான தொகைக்குப் பிரித்த பில் கேட்டு அதைக் கட்டிவிடுங்கள்.

அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசி வழக்குகளை அங்கே எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்துவிட்டது. சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிழைப்புக்காகத் தானே தறி ஓட்டுகிறவர் போகலாம். லாப நோக்கில் நடக்கும் பெரிய கம்பெனி தன் வணிக லைனுக்காக அங்கே போக முடியாது.

கட்டண மாற்றச் செய்தி பரவும் வாரத்தில் ‘உங்கள் சிம் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணுக்கு அடியுங்கள்’ என்ற மெசேஜும் கூடவே வரும். அந்த எண்ணுக்கு அடிக்க வேண்டாம், ஓடிபி சொல்ல வேண்டாம். சந்தேகம் இருந்தால் 1503-க்கு நீங்களே அடித்துக் கேளுங்கள்.

லைனை ஒப்படைப்பது என்று முடிவெடுத்தால்

பில்லை நிறுத்திவிட்டு ‘தானாக வெட்டிவிடுவார்கள்’ என்று விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வெட்டும்வரை வாடகை ஏறி, அது டெபாசிட்டில் கழிந்துவிடும். ஒப்படைப்பு விண்ணப்பம் கொடுத்து, மோடம் அல்லது ஓஎன்டி வாடகைப் பெட்டி என்றால் அதைத் திருப்பிக் கொடுத்ததற்குத் தனி ரசீது வாங்குங்கள். கடைசி பில்லைக் கட்டி நிலுவை இல்லை என்று எழுதி வாங்குங்கள். ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்க நகல், பழைய டிமாண்ட் நோட்டு அல்லது டெபாசிட் தொகை அச்சான பில் இணைக்க வேண்டும். 45 நாள் தாண்டியும் டெபாசிட் வராவிட்டால், விண்ணப்ப முத்திரைப் பிரதியுடன் மேலே சொன்ன வரிசையிலேயே புகாரைத் தொடங்குங்கள். சில மாதம் மட்டும் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் ஒப்படைக்க வேண்டியதில்லை. சேஃப் கஸ்டடியில் (லைனைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது) வைக்க விண்ணப்பித்தால், திரும்பி வரும்போது எண் உங்களுக்கே இருக்கும்.